பச்சைக் கோட்டின் அகலம்

12 பிப்ரவரி 2023, ஞாயிறு – எருசலேம்

எங்கள் பங்கிலிருந்து வந்த யாத்திரைக் குழு காலையிலேயே பஸ் ஏறிவிட்டது. எகிப்து வழியாக ஊர் திரும்புகிறார்கள். நானும் சித்தப்பாவும் மட்டும் இன்னும் ஐந்து நாள் தங்குகிறோம். கல்வாரி, கெத்சமனி, காலி கல்லறை எல்லாம் கும்பிட்டாயிற்று. இனி நிலத்தைப் பார்க்க வேண்டும். இது ஊரில் கிளம்பும்போதே நாங்கள் இருவரும் பேசி வைத்தது. எனக்குச் சிவகங்கைப் பக்கம் 28 வருட சிவில் பிராக்டிஸ், பாதிக்கு மேல் நில வழக்குகள். சித்தப்பா 35 வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஊருக்குள் நுழைந்தால் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லைக் கல்லைத் தேடுகிற ஆள்.

டமாஸ்கஸ் வாசலுக்கு எதிரே சாலையைத் தாண்டி மேடேறினால் முஸ்ராரா. 1948 நவம்பர் 30 அன்று இந்தப் பகுதியில், ஆளில்லாத ஒரு வீட்டில், இரண்டு தளபதிகள் உட்கார்ந்தார்கள். இஸ்ரேல் தரப்பில் மோஷே தயான், ஜோர்டான் தரப்பில் அப்துல்லா அல்-தல். 1:20,000 அளவில் ஒரு வரைபடத்தை விரித்து, அவரவர் படை நிற்கும் இடத்தை மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்தார்கள். ஒருவர் பச்சை, மற்றவர் சிவப்பு. அன்றைக்கு அது சண்டையை நிறுத்தி வைக்க ஒரு தற்காலிக ஏற்பாடு. மறுவருடம் ரோட்ஸ் தீவில் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தில் அதுவே நிலைத்தது. உலகம் இன்று பச்சைக் கோடு என்று சொல்வதில் எருசலேமுக்குள் ஓடும் பகுதி இப்படி வந்ததுதான்.

சித்தப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"மெழுகுப் பென்சில்னா கோடு மூணு நாலு மில்லிமீட்டர் கனம் இருக்கும்மா. இருபதாயிரத்துக்கு ஒண்ணு ஸ்கேல்ல அது தரையில அறுபது மீட்டர், எண்பது மீட்டர். கோட்டுக்கு உள்ளேயே விழுந்த வீடு யாருக்கு?"

அந்தக் கேள்வி அப்போதே எழுந்தது. வருடக்கணக்கில் அதற்காகத் தகராறு நடந்தது. கோட்டின் கனத்துக்குள் வீடுகள் இருந்தன, தெருக்கள் இருந்தன, குடும்பங்கள் இருந்தன. சித்தப்பா தன் எட்டுக் கணக்கில் 80 எட்டு நடந்து காட்டினார். ஒரு பேக்கரி, இரண்டு வீடு, ஒரு சந்து, பூத்து நிற்கும் ஒரு பாதாம் மரம். அவ்வளவும் ஒரு பென்சில் கோட்டுக்குள்.

இன்று அந்தக் கோட்டின் மேல் டிராம் ஓடுகிறது. 1967 ஜூன் போரில் இஸ்ரேல் கிழக்கு எருசலேமைப் பிடித்தது. சில வாரங்களிலேயே ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டரைத் தன் நகராட்சி எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. 1980இல் முழு நகரமும் தலைநகரம் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு சபையின் 478ஆம் தீர்மானம் சொன்னது. டிராமில் கோட்டைக் கடக்கும்போது ஒரு பலகைகூட இல்லை.

1967 நவம்பரில் அதே சபையில் வந்த 242ஆம் தீர்மானத்தைப் பற்றி சட்டக் கல்லூரியில் ஒரு முழு வகுப்பு நடந்தது நினைவிருக்கிறது. போரால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்று அதன் முகவுரை சொல்கிறது. பிறகு, பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கிலப் பிரதியில் 'பகுதிகள்' என்பதற்கு முன் 'த' (the) என்ற சொல் இல்லை; அதனால் எல்லாப் பகுதியிலிருந்தும் என்று பொருளல்ல என்பது இஸ்ரேலின் வாதம். பிரெஞ்சுப் பிரதியில் அந்தச் சந்தேகம் எழவில்லை. தமிழில் அப்படியொரு சொல்லே கிடையாது. ஒரு சின்னச் சொல் விடுபட்டதற்கு ஒரு மலை முழுக்க விலை கொடுத்திருக்கிறது என்பதை இங்கே நின்று யோசிக்கும்போது வயிறு கலங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது என் தொழிலுக்கு நெருக்கமானது. 1948க்கு முன் கிழக்கு எருசலேமில் யூதர்களுக்கு இருந்த வீட்டை அவர்களோ அவர்கள் வழி உரிமை கொண்டாடுகிறவர்களோ திரும்பக் கேட்க 1970ஆம் வருடச் சட்டம் ஒன்று வழி விடுகிறது. அதே 1948இல் மேற்கு எருசலேமில் வீட்டை இழந்த பாலஸ்தீனியருக்கு அந்த வழி கிடையாது. அவர்கள் சொத்து 1950ஆம் வருட 'இல்லாதோர் சொத்து'ச் சட்டத்தின் கீழ் அரசுக் காப்பாளரிடம் போய்விட்டது. கிழக்கு எருசலேமின் ஷேக் ஜர்ராவில் நடக்கும் வெளியேற்ற வழக்குகள் இந்த ஒரு கதவு திறந்து ஒரு கதவு அடைத்த சட்டத்தில்தான் நிற்கின்றன.

இரவு விடுதியின் டிவியில் செய்தி. 1967 போரில் பிடித்த மேற்குக்கரையில் அரசு அனுமதியே இல்லாமல் முளைத்த ஒன்பது யூதக் குடியிருப்புகளை இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரவை இன்று அங்கீகரித்திருக்கிறது. நேற்று முன்தினம் ராமோத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் மேல் ஒருவர் காரை ஏற்றினார். மூன்று பேர் இறந்தார்கள், அதில் இருவர் சின்னப் பையன்கள், அண்ணன் தம்பி. அதற்கான பதில் நடவடிக்கைகளில் ஒன்றாக இந்த அங்கீகாரம். ராமோத் பச்சைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் அந்தக் குழந்தைகளைக் கொல்ல எவருக்கும் எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை. அந்தக் குழந்தைகளின் சாவு வேறு யாருடைய நிலத்தையும் எடுக்க உரிமை தரவில்லை என்பதும் அதே சட்டம்தான்.

13 பிப்ரவரி, திங்கள் – பெத்லகேம்

டமாஸ்கஸ் வாசல் நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்து சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தோம். உள்ளே போகிறவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வருகிறவர்களுக்குத்தான் கம்பிக் கூண்டுப் பாதை, சுழல் கதவு, கைரேகை. அதிகாலையில் எருசலேம் பக்கம் வேலைக்குப் போகிற கட்டடத் தொழிலாளர்கள் இதில்தான் வரிசை நிற்கிறார்கள். பாதைக்கு வெளியே டீ விற்பவரிடம் ஏலக்காய் மணத்தோடு காபி குடித்தோம்.

வாடகைக்கு எடுத்த கார் பச்சை எழுத்து நம்பர் பிளேட். அது இஸ்ரேலுக்குள் போக முடியாது. இஸ்ரேலிய மஞ்சள் பிளேட் இரண்டு பக்கமும் போகலாம். ஓட்டுநர் இருபத்தைந்து வயதுப் பையன். சித்தப்பாவை 'ஹாஜ்' என்று கூப்பிடுகிறான். இங்கே பெரியவர்களுக்கு அந்த மரியாதை. சித்தப்பா அவனைத் 'தம்பி' என்கிறார். இருவருக்கும் பொருந்திவிட்டது.

சுவர் 8 மீட்டர் உயரக் கான்கிரீட். ராகேலின் கல்லறையைச் சுற்றி வளைத்து, வீடுகளின் ஜன்னலை அடைத்துக்கொண்டு போகிறது. முழுத் திட்டமும் ஏறத்தாழ 710 கிலோமீட்டர். ஊர்ப்புறங்களில் பெரும்பகுதி கம்பிவேலி, நகரங்களை ஒட்டித்தான் கான்கிரீட். பச்சைக் கோட்டின் நீளமோ 320 கிலோமீட்டர்தான். ஒரு கோட்டின் மேல் போடுகிற வேலி கோட்டைவிட இரண்டு மடங்கு நீளமாக எப்படி ஆகும் என்று கேட்டேன். "கோட்டு மேல போடலைன்னா ஆகும்," என்றார் சித்தப்பா. சுமார் 85 விழுக்காடு பாதை மேற்குக்கரைக்குள் வளைந்து நுழைகிறது, குடியிருப்புகளை இஸ்ரேல் பக்கம் சேர்த்துக்கொள்ள.

2002இல் இது ஏன் தொடங்கியது என்பதையும் எழுத வேண்டும். இரண்டாம் இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீனியரின் இரண்டாம் எழுச்சி. பஸ்களிலும் ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள். நெதன்யாவில் பாஸ்கா விருந்துக்குக் கூடியிருந்தவர்களில் 30 பேர் ஒரே தாக்குதலில் போனார்கள். பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்ட தாய்க்கு வேலி வேண்டும் என்று தோன்றியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றமும் 2004 ஜூலை 9 அன்று தந்த கருத்துரையில் தன் மக்களைக் காக்கும் உரிமையும் கடமையும் இஸ்ரேலுக்கு உண்டு என்றே சொன்னது. ஆனால் ஆக்கிரமித்த நிலத்துக்குள் போட்ட சுவர் சட்டவிரோதம், இடிக்க வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும் என்றது. 14 பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்.

அந்த ஒருவரை நான் பல வருடமாக யோசித்திருக்கிறேன். தாமஸ் பர்கென்தால், அமெரிக்க நீதிபதி. சிறுவயதில் ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் தப்பியவர். போதிய சாட்சியம் முன்வைக்கப்படவில்லை, நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடுத்திருக்கவே கூடாது என்பது அவர் நிலை. அவர்கூட, குடியிருப்புகள் நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவை மீறுகின்றன, அவற்றைக் காக்கப் போட்ட சுவர்த்துண்டுகளும் அப்படியே என்று எழுதி வைத்தார். அதாவது அந்தக் கேள்வியில் எதிர்த்தரப்பே இல்லை.

அதற்கும் முன்னால், 1967 செப்டம்பரில், இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடோர் மெரோன் தன் அரசுக்கே எழுதிக் கொடுத்தார்: பிடித்த பகுதியில் குடிமக்களைக் குடியேற்றுவது அந்த ஒப்பந்தத்துக்கு முரண் என்று. அவரும் நாஜி முகாமில் வளர்ந்த பிள்ளை. அந்த ஒப்பந்தம் 1949இல் எழுதப்பட்டதே அவர்கள் பட்ட பாட்டிலிருந்துதான். தன் குடும்பத்தின் சாம்பலிலிருந்து வந்த சட்டத்தைத் தன் அரசுக்கு எதிராகவே ஒரு மனிதர் நேர்மையாகப் படித்துக் காட்டினார். அந்த மாதமே கஃபர் எட்சியோன் குடியேற்றம் நடந்துவிட்டது.

சுவரால் நிலம் இழந்தவர்களின் மனுக்களைப் பதிவு செய்ய ஐ.நா. வியன்னாவில் ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. பல்லாயிரம் மனுக்கள் சேர்ந்திருக்கின்றன. பணம் கொடுக்கத்தான் யாரும் இல்லை. ஆனாலும் பதிவு இருக்கிறது. பதிவு இருப்பதன் அருமை கட்சிக்காரருக்குத் தெரியாது, வக்கீலுக்குத் தெரியும்.

14 பிப்ரவரி, செவ்வாய் – பத்தீர்

இன்று நல்ல நாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெத்லகேமுக்கு மேற்கே மலையிறக்கத்தில் இருக்கும் ஊர் பத்தீர். படிப்படியாகக் கல் அடுக்கிய வயல்கள். மேலே ஊற்று, அதன் கீழே ரோமானியர் காலத்துத் தொட்டி, அங்கிருந்து கிளை கிளையாக வாய்க்கால். சித்தப்பா காலணியைக் கழற்றி வாய்க்காலில் காலை வைத்தார். "ஐஸ்," என்று சொல்லிவிட்டு எடுக்கவில்லை.

தண்ணீரை எட்டுக் குடும்ப வகையறா முறை வைத்துப் பிரிக்கிறார்கள். ஒரு நாள் ஒரு வகையறா. அதனால் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று சொல்வார்களாம். தொட்டியில் நிற்கும் தண்ணீரைக் குச்சி விட்டு அளந்து பங்கு போடுவது வழக்கம். எங்கள் பக்கம் கண்மாயில் முறைத் தண்ணீர் விடுவதும், நீர்பாய்ச்சி மடையைத் திறந்து அடைப்பதும் பார்த்து வளர்ந்த மனிதருக்கு இதை விளக்க மொழி தேவைப்படவில்லை. அங்கே மண்வெட்டியோடு நின்ற பெரியவர் அரபியில் பேசினார், சித்தப்பா தமிழில் பேசினார், இருவரும் மடையைக் காட்டிக் காட்டித் தலையாட்டிக்கொண்டார்கள். பெரியவர் கிளம்பும்போது இந்த ஊர்க் கத்திரிக்காயைப் பற்றித்தான் சொன்னார் என்று ஓட்டுநர் தம்பி மொழிபெயர்த்தான். கோடையில் வரச் சொன்னாராம். பத்தீர்க் கத்திரிக்காய்க்கு இந்த வட்டாரத்தில் தனிப் பெயர்.

கீழே பள்ளத்தாக்கில் தண்டவாளம். 1892இல் துருக்கியர் ஆட்சியில் யாஃபாவிலிருந்து எருசலேமுக்குப் போட்ட ரயில்பாதை. நாங்கள் இருந்த மூன்று மணி நேரத்தில் ரயில் எதுவும் வரவில்லை. பச்சைக் கோடு இங்கே தண்டவாளத்தை ஒட்டிப் போகிறது, ஊர்க்காரர்களின் வயலில் ஒரு பகுதி அந்தப் பக்கம்.

1948 சண்டையில் ஊரே காலியானபோது, ஹசன் முஸ்தஃபா என்ற ஊர்க்காரர் ஒரு சிலரோடு இங்கேயே தங்கிவிட்டார். ஆள் இல்லை என்று தெரிந்தால் ஊர் போய்விடும். அதனால் இரவில் வெற்று வீடுகளில் விளக்கேற்றினார்கள். பகலில் கொடிகளில் துணி உலர்த்தினார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற படைக்கு ஊர் குடியிருப்பதாகத் தெரிந்தது. மறுவருடம் போர்நிறுத்தப் பேச்சில் ஓர் ஏற்பாடு வந்தது: ஊர்க்காரர்கள் ரயிலுக்கு ஒரு இடைஞ்சலும் செய்ய மாட்டார்கள், பதிலுக்குத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள தங்கள் நிலத்தை அவர்கள் தொடர்ந்து உழலாம். இரண்டு தரப்பும் அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கின்றன. எழுபது வருடத்துக்கும் மேலாக, வேலி இல்லாத எல்லை.

பிறகு சுவர்த் திட்டம் இங்கேயும் வந்தது. பள்ளத்தாக்கு வழியே வந்திருந்தால் வாய்க்காலும் வயலும் தனித்தனியாகியிருக்கும். ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். இஸ்ரேலியச் சூழல் அமைப்பினர் கூடவே போனார்கள். இஸ்ரேலின் சொந்த இயற்கைப் பாதுகாப்பு ஆணையமே, இந்தப் படிவயல்கள் சிதைந்துவிடும் என்று எதிர்த்து நின்றது. 2014இல் யுனெஸ்கோ இந்த இடத்தைப் பாலஸ்தீனத்தின் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலில் சேர்த்தது. 2015 தொடக்கத்தில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சுவர் வேலையை நிறுத்தி வைத்தது.

காகிதம் என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு நான் பத்தீரைக் காட்டுவேன். பீரங்கி இல்லை, கொரில்லா இல்லை. ஒரு ஒப்பந்தப் பிரதி, ஒரு பட்டியல், ஒரு ரிட் மனு, இரண்டு பக்கத்திலும் சில நேர்மையான மனிதர்கள்.

சித்தப்பா தன் நோட்டில் தொட்டி, வாய்க்கால், படிவயல், தண்டவாளம் எல்லாவற்றையும் எட்டுக் கணக்கில் வரைந்துகொண்டார். வடக்கு அம்புக்குறி போட்டு, கீழே தேதி எழுதினார். பழக்கம்.

15 பிப்ரவரி, புதன் – ஹெப்ரோன்

பைபிளில் நான் முதலில் மனப்பாடம் செய்த கிரயப் பத்திரம் இங்கேதான் எழுதப்பட்டது. சாராள் இறந்ததும் அடக்கம் செய்ய இடம் கேட்கிறார் ஆபிரகாம். எப்ரோன் சும்மாவே தருகிறேன் என்கிறான். ஆபிரகாம் மறுத்து, நகர வாசலில் எல்லாரும் கேட்க, 400 செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். வயல், அதிலுள்ள குகை, நான்கு எல்லைக்குள் நிற்கும் மரங்கள் என்று சொத்து விவரம்கூட வருகிறது. இந்த ஊரில் தான் அந்நியன், வந்தேறி என்று சொல்லித்தான் அந்தப் பேச்சையே அவர் தொடங்குகிறார்.

அந்தக் குகைக்கு மேல் இன்று பாதி பள்ளிவாசல், பாதி ஜெபக்கூடம். 1994 பிப்ரவரி 25, ரமலான் விடியற்காலைத் தொழுகையில் பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேறி 29 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகுதான் நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்தார்கள். 1929இல் இதே ஊரில் யூதர்கள் 67 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். பல குடும்பங்களை அரபு அண்டைவீட்டார் மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டு வாசலிலும் எங்களிடம் மதம் என்ன என்று கேட்டார்கள். கிறிஸ்தவர் என்றதும் இரண்டு பக்கமும் விட்டார்கள். எங்களை அழைத்து வந்த தம்பியை ஒரு பக்கம் மட்டும். ஆபிரகாமின் பிள்ளைகளில் அவனைவிட எனக்கு அதிக வழி.

1997 உடன்படிக்கைப்படி நகரம் இரண்டாகப் பிரிந்தது. ஹெச்-2 என்ற ஐந்தில் ஒரு பங்கு இஸ்ரேல் ராணுவத்தின் கையில். சில நூறு குடியேறிகள், பல்லாயிரம் பாலஸ்தீனியர். ஷுஹதா தெரு ஒரு காலத்தில் இங்கே பெரிய கடைவீதி. இன்று பச்சைக் கதவுகள் வரிசையாகப் பற்றவைத்துக் கிடக்கின்றன. பழைய சந்தையில் தலைக்கு மேல் கம்பிவலை கட்டியிருக்கிறார்கள், மேல்மாடிக் குடியிருப்புகளிலிருந்து விழும் குப்பையும் கல்லும் அதில் கிடக்கின்றன.

வக்கீலாக என்னை உலுக்கியது வேறொன்று. இதே தெருவில் இரண்டு பையன்கள் சண்டை போட்டுக் கைதானால், குடியேறி வீட்டுப் பையன் இஸ்ரேலின் சாதாரண நீதிமன்றத்துக்குப் போவான். பாலஸ்தீனியப் பையன் ராணுவ நீதிமன்றத்துக்கு. ஒரே இடம், ஒரே நிமிடம், ஒரே குற்றம். சட்டம் மட்டும் பிறப்பைப் பார்த்து வருகிறது. நாங்கள் படித்த சட்டத்தின் முதல் பாடத்துக்கே இது எதிர்.

சித்தப்பா இன்று நோட்டைத் திறக்கவில்லை.

16 பிப்ரவரி, வியாழன் – எட்சியோன் மலைப்பக்கம்

ஊர் பெயரை எழுத மாட்டேன், அந்த வீட்டுக்காரர் அப்படிக் கேட்டுக்கொண்டார். தம்பியின் தாய்மாமன் அவர். நான் நில வழக்கு வக்கீல் என்று தம்பி சொல்லியிருக்கிறான். நாங்கள் உட்கார்ந்து தேநீர் வருவதற்குள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். பையின் காது கிழிந்து முடிச்சுப் போட்டிருந்தது.

"மஞ்சப்பை," என்றார் சித்தப்பா மெதுவாக.

என் அலுவலகத்துக்கு வருகிற ஒவ்வொரு சம்சாரியின் கையிலும் நான் பார்த்த பை. அதே மாதிரி நாலாக மடித்து மடித்து மடிப்பில் பிய்ந்த காகிதங்கள். துருக்கியர் காலத்து நிலப் பதிவான தாபுவின் நகல். ஆங்கிலேயர் காலத்து வரி ரசீது, மூன்று மொழியில். ஜோர்டான் காலத்து ரசீதுகள் ஒரு கட்டு. அந்த ஆங்கிலேய ரசீதைச் சித்தப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நம் தாலுகா ஆபீஸின் பழைய ரசீதுக்கும் அதற்கும் ஒரே கட்டம், ஒரே வாசகம்.

விஷயம் இதுதான். மேற்குக்கரையில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் முறையான நில உரிமைப் பதிவு முடிந்திருந்தது. 1968இல் ராணுவ ஆணை ஒன்று அந்த வேலையை நிறுத்திவிட்டது. மீதி நிலத்துக்கு இவர் பையில் இருப்பது போன்ற ரசீதும் உழவும்தான் சாட்சி. தொடக்கத்தில் குடியிருப்புகளுக்கு நிலத்தை 'ராணுவத் தேவை' என்று சொல்லி எடுத்தார்கள். 1979இல் எலோன் மோரே வழக்கு. முன்னாள் தலைமைத் தளபதி ஹாயிம் பார்-லெவ், அந்தக் குடியிருப்பால் ராணுவத்துக்குப் பயனில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். குடியேறிகளே, நாங்கள் தற்காலிகமாக வரவில்லை என்று சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஒரு நல்ல தீர்ப்பு. அரசு அதன் பிறகு வேறு வழி பிடித்தது: 1858ஆம் வருடத் துருக்கிய நிலச் சட்டத்தை எடுத்து, உழாமல் கிடக்கும் நிலம் அரசு நிலம் என்று அறிவிக்கத் தொடங்கியது.

அறிவித்தால் 45 நாளுக்குள் ராணுவ மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆட்சேபம் சொல்ல வேண்டும். நிரூபிக்கும் பாரம் உழுகிறவன் மேல். இவர் பாட்டன் பாறைக்கு இடையில் கிடைத்த மண்ணில் மட்டும் உழுதிருக்கிறார். பாறை உழுததாகக் கணக்கில் வரவில்லை. சரிவில் பாதிக்கு மேல் போய்விட்டது.

நம் ஊரிலும் தரிசு அரசுக்குத்தான், புறம்போக்கு என்று பெயர். ஆனால் அதில் நிலமற்ற ஏழைக்குப் பட்டா கொடுப்பதும் அரசின் கடமை என்று வைத்திருக்கிறோம். இங்கே? 2018இல் இஸ்ரேலின் பீஸ் நவ் அமைப்பு தகவல் உரிமைப்படி கேட்டு வாங்கிய பதிலில், ஒதுக்கிய அரசு நிலத்தில் 99.76 விழுக்காடு இஸ்ரேலியர் பயன்பாட்டுக்கு. பாலஸ்தீனியருக்கு 0.24. 1907ஆம் வருட ஹேக் விதிகள் ஆக்கிரமித்த அரசைப் பொதுச்சொத்தின் நிர்வாகி என்றுதான் சொல்கின்றன. பலனை அனுபவிக்கலாம், முதலைக் காக்க வேண்டும். நம் பாஷையில் காவல் பொறுப்பு. காவல்காரன் பெயரில் பட்டா மாறக் கூடாது.

1967க்கு முன் இங்கே ஆண்ட ஜோர்டானுக்கே முறையான உரிமை இருந்ததில்லை, அதனால் இது ஆக்கிரமிப்பு அல்ல, தகராறில் உள்ள நிலம் என்பது இஸ்ரேல் அரசின் வாதம். நான் எதிர்த்தரப்பு வக்கீலாக நின்றால் அதைத்தான் எடுத்திருப்பேன், அது வெறும் வாதமல்ல. ஆனால் அதற்குப் பதில் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஜெனீவா ஒப்பந்தம் காப்பது ராஜாக்களின் உரிமையை அல்ல, அந்த நிலத்தில் இருக்கும் மனிதர்களை. முந்தைய ராஜா யார் என்று பார்த்துத்தான் இந்தப் பெரியவருக்குப் பாதுகாப்பு என்றால் அந்த ஒப்பந்தமே வேண்டாம்.

அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். உங்கள் ஊரில் ஒருவன் அடுத்தவன் நிலத்தில் ரொம்ப நாள் உட்கார்ந்துவிட்டால் நிலம் அவனுக்கு ஆகுமா?

ஆகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. தனியார் நிலம் 12 வருடம், அரசு நிலம் 30 வருடம். எதிரிடை அனுபவ பாத்தியம். நானே அந்த வாதத்தில் வழக்கு ஜெயித்திருக்கிறேன். தம்பி அதை மொழிபெயர்க்கும்போது பெரியவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உடனே சொன்னேன்: நாடுகளுக்கு இடையே அது கிடையாது. போரில் பிடித்த நிலத்துக்கு எத்தனை வருடம் ஆனாலும் உரிமை முற்றாது. இந்தச் சட்டம் எழுதப்பட்டதே, காலம் ஓடினால் பிடித்தவனுக்குச் சொந்தம் என்ற எண்ணம் யாருக்கும் வரக் கூடாது என்பதற்காக. 55 வருடம் ஆனாலும் முதல் நாள் எப்படியோ அப்படியே.

அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார். மடிப்பு மாறாமல், அதே வரிசையில்.

நாளை விமானம்.

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு – சிவகங்கை

இந்தத் தொடரை முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மறுபடி எழுதக் காரணம் இருக்கிறது.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்றது, ஏறத்தாழ 250 பேரைப் பிணையாகத் தூக்கிப் போனது. ஆக்கிரமிப்பை எதிர்க்கிறேன் என்று எவன் சொன்னாலும், வீட்டில் தூங்கிய பாட்டியையும் பாட்டுக் கேட்கப் போன பிள்ளைகளையும் கொல்ல அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. பிறகு காசா. அங்கே இறந்தவர்கள் 40,000 தாண்டிவிட்டதாக இந்த வாரம் காசா சுகாதார அமைச்சகம் சொல்லியிருக்கிறது. அதை எழுதும்போது கை நடுங்குகிறது, வேறு என்ன சொல்ல என்று தெரியவில்லை.

ஜூலை 19 அன்று ஹேக்கில் தலைமை நீதிபதி நவாஃப் சலாம் புதிய கருத்துரையை வாசித்ததைச் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். நாங்கள் அங்கே போவதற்கு ஆறு வாரம் முன்னால் ஐ.நா. பொதுச்சபை கேட்ட கேள்விக்கான பதில். அந்த வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கி நின்றது. ஆனால் நீதிமன்றத்தில் நம் நாட்டு நீதிபதி தல்வீர் பண்டாரி பெரும்பான்மையோடு நின்றார். பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம், கூடிய விரைவில் முடிக்க வேண்டும்: 11க்கு 4. புதிய குடியேற்றங்களை உடனே நிறுத்த வேண்டும்: 14க்கு 1. இந்தக் கருத்துரை யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நடுவில் ஒரு இடம் வந்தது. ஆக்கிரமிப்பு என்பது தற்காலிக நிலை, அது உரிமையை மாற்றாது, எவ்வளவு நீண்டாலும் அதன் சட்டத் தன்மை மாறாது. நான் அந்த மலைவீட்டில் சொன்னதை நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கே தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, மாமாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன்.

நான்கு நாளுக்கு முன்பு அவனிடமிருந்து செய்தி வந்தது. நஹல் ஹெலெட்ஸ் என்ற புதிய குடியிருப்புக்கு இஸ்ரேல் அரசு எல்லை வரைந்து வெளியிட்டிருக்கிறது. நீலக் கோடு என்கிறார்கள் இதை. 602 துனம். பத்தீர் நிலத்தில், யுனெஸ்கோ பட்டியலிட்ட இடத்துக்குள்.

சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். ஒரு துனம் ஆயிரம் சதுர மீட்டர் என்றேன். அவர் காகிதம்கூட எடுக்கவில்லை. "நூத்து நாற்பத்தெட்டே முக்கால் ஏக்கர்." அப்புறம் எழுந்து போய் அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து, தொட்டியும் வாய்க்காலும் தண்டவாளமும் வரைந்த பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார்.

தம்பி அனுப்பிய வரைபடத்தை என் போனில் நீட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், ஓரங்களையெல்லாம் தேடினார்.

"ஸ்கேல் எத்தனைக்கு ஒண்ணும்மா? போட்டிருக்கானா பாரு."